அவர் கை ஆறிய மாசி மாதம்

சித்திரபானு வருஷம், மாசி 2

காலையில் கடும் பனி. ஆறு இருக்கும் பக்கமே தெரியவில்லை. வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்ட ஆள் வராததால் மாமாவே மண்வெட்டியோடு போய்விட்டார்.

அவர் வந்து இன்றோடு ஆறு நாள். கல்யாணமாகி ஒன்றே முக்கால் வருஷம். அதில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது, இந்த ஆறையும் சேர்த்து, நாற்பத்தேழு நாள். மீதி நாளெல்லாம் அவர் கடற்படையில், நான் இங்கே மோகனூரில் அவரைப் பெற்ற மாமா அத்தையோடு.

இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டு. தீக்காயம். பம்பாய் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்திருக்கிறார், எங்களுக்கு ஒரு வரி தெரியாது. எப்படி ஆயிற்று என்று மாமா கேட்டார்.

"கப்பல்ல தீப்புடிச்சுதுங்கய்யா."

"கப்பல் என்னாச்சு?"

"முழுகிடுச்சுங்க."

அதோடு சரி. மாமாவும் மேலே கேட்கவில்லை. மாட்டுக்குத் தீனி வைக்க எழுந்துவிட்டார்.

முதல் நாலு நாள் அத்தைதான் சோறு ஊட்டினார். நேற்று மத்தியானம் தட்டை என் கையில் கொடுத்து, "அம்மிணி, நீயே ஊட்டு. எனக்கு அடுப்புல வேல கெடக்குது" என்றார். அடுப்பில் ஒரு வேலையும் கிடக்கவில்லை. எல்லாம் இறக்கியாகிவிட்டது.

முதல் உருண்டை பெரிதாகிவிட்டது. அவருக்கு மூச்சு முட்டியது. இரண்டாவது மூக்கில். பிறகு சரியாக வந்தது.

மாசி 5

பனி குறைவு. பசு ஒரு வேளைப் பாலை மறைத்துவிட்டது.

ஒறம்பரை, சொந்தபந்தம் என்று கூட்டம் ஓயவில்லை. அவரைப் பார்க்க, கையைப் பார்க்க, கப்பல் கதை கேட்க. மாமாவின் தங்கை வீட்டுக்காரர் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, கடலு எம்புட்டுப் பெருசிருக்கும்? மேட்டூர் டேம் மாதிரி பத்து இருக்குமா?"

"இன்னுங் கொஞ்சம் சேத்துக்கலாமுங்க மாமா" என்றார் இவர்.

சாயங்காலம் கணக்குப்பிள்ளை ஒரு இங்கிலீஷ் பேப்பரோடு வந்தார். சரக்குக் கப்பலில் இளம் கடற்படை அதிகாரியின் வீரம் என்று நாலு அங்குலச் செய்தி. ஊரும் பேரும் போடவில்லை, யுத்தகாலத்தில் போடமாட்டார்களாம், ஆனால் இவர்தான் என்று பம்பாயிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்குப்பிள்ளை நின்றுகொண்டு தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். எதிரி நீர்மூழ்கிக் கப்பல், பீரங்கி, தனியொருவராக, நாற்பத்திரண்டு உயிர். எல்லாரும் "அடேயப்பா" என்றார்கள். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். மாட்டுக் கொட்டகையில் பசுவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, எல்லாரும் தேடறாங்க."

"தனியொருவராங்கறது பொய், நாச்சி" என்றார். நானும் கூடவே நின்றேன்.

மாசி 6

நாமக்கல் டாக்டர். மாட்டுவண்டியில் போய்வர ஒரு பகல் ஓடிவிட்டது. கட்டை அவிழ்த்தார். உள்ளே தோல் எலிக்குஞ்சு மாதிரி இளஞ்சிவப்பு. நான் பார்க்கமாட்டேன் என்று நினைத்திருந்தேன், பார்த்தேன்.

இடது கை பரவாயில்லை, ஆனால் இன்னும் பத்து நாள் கட்டு. வலது கையில் கட்டு வேண்டாமாம், விரல்தான் மடங்கவில்லை. டாக்டர் என்னிடம் சொன்னார்: "தினம் ரெண்டு வேள தேங்காயெண்ணெய் போட்டு ஒவ்வொரு வெரலா மடக்கிப் பழக்கோணும், அம்மா. வலிச்சாலும் விடக்கூடாது. பங்குனி பொறந்ததும் சேலத்துல ராணுவ டாக்டருங்க பாப்பாங்க. மடங்குனா மறுபடி கப்பலுக்கு எடுத்துக்குவாங்க. மடங்கலைன்னா ஊட்டோட இருக்க வேண்டியதுதான்."

வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் கையால் எண்ணெய் தேய்த்து என் கையாலேயே அவரைக் கடலுக்கு அனுப்பவேண்டும்.

இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்கும் தெரியவேண்டாம்: அந்த விரல் மடங்காமலே இருக்கட்டும் ஈஸ்வரா.

மாசி 9

வெயில் ஏறிவிட்டது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறார்கள், நூறு நூறாகக் கவுளி அடுக்க அத்தை போயிருக்கிறார்.

எண்ணெய் காலை, மாலை. மடங்கவில்லை. "இன்னைக்கும் மடங்கலயே" என்று சொல்கிறேன். சொல்லும்போது குரலைச் சோகமாக வைத்துக்கொள்கிறேன்.

இதுவரை அவரைப் பற்றித் தெரிந்தவை:
பச்சைப்பயிற்றுக் குழம்பு பிடிக்கும். கத்தரிக்காய் பிடிக்காது, ஆனால் நான் ஊட்டினால் முழுங்கிவிடுகிறார்.
தும்மினால் தொடர்ச்சியாக மூன்று.
தூங்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பமாட்டார். கதவு தெரியவேண்டும்.
மழை வருமா என்று யார் கேட்டாலும் வானத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்கிறார். மாமாவுக்கு இதில் ஏக பெருமை.
கோழியைக் கண்டால் பயம்! சின்ன வயசில் கொத்தியதாம். இதை நான் பேப்பரில் போடச் சொல்லப்போகிறேன் என்றேன். "போடு, எதிரிக்கு உபயோகப்படும்" என்றார்.

அவர் சிரித்து இப்போதுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று சற்றே கோணல். இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போயிற்று?

மாசி 11

தபாலில் ஒரு கார்டு. ஜலகண்டாபுரத்திலிருந்து. யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து.

"தங்கள் கப்பலில் பீரங்கி வேலையிலிருந்த மாரிமுத்துவின் தகப்பன் எழுதுவது. நாங்கள் நெசவு செய்து பிழைக்கிறவர்கள். ஒரே மகன். இறந்துபோனான் என்று சர்க்கார் காகிதம் வந்தது. வேறொன்றும் தெரியவில்லை. தாங்கள் கூட இருந்ததாகக் கேள்வி. நாலு வரி எழுதினால் அவன் தாய்க்குப் படித்துக் காட்டுவோம்."

நான்தான் வாசித்தேன். மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "காயிதம் எடு. நான் சொல்றத எழுது" என்றார்.

பின்வாசலில் உட்கார்ந்தோம். மத்தியானம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் பக்கத்துக்குப் பிறகு அவர் கடிதத்துக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நானும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நினைவிருக்கும்போதே இங்கே எழுதிவிடுகிறேன்.

அது சரக்குக் கப்பல். பஞ்சுப் பொதி, மாவு மூட்டை, பெட்ரோல் பீப்பாய். சண்டைக் கப்பல் இல்லை. ஆனால் எதிரி எதையும் விடுவதில்லை என்பதால் இப்படிக் கப்பல்களில் பின்புறம் ஒரு பீரங்கி வைத்து, கடற்படை ஆள் ஆறு பேரை ஏற்றுகிறார்கள். அந்த ஆறு பேரில் இவர் அதிகாரி. மாரிமுத்து குண்டு எடுத்துக் கொடுக்கிறவன். பத்தொன்பது வயசு.

பம்பாயை விட்டு நாலாம் நாள், காலை ஒன்பது மணி இருக்கும். நீருக்கடியிலிருந்து வந்து அடித்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. பீரங்கிப் படையில் இரண்டு பேர் அடிபட்டு விழுந்தார்கள். காப்டன் எல்லோரையும் படகில் இறங்கச் சொன்னார். மூன்று படகு இறங்கியது. அப்போது நீர்மூழ்கிக் கப்பல் மேலே எழும்பி, தன் பீரங்கியைப் படகுகள் பக்கம் திருப்பியது.

"படகுல இருக்கறவங்க கையில ஒண்ணுமில்ல, நாச்சி. கப்பக்காரங்க, கரி அள்ளிப் போடறவங்க, சமையக்காரரு. எங்க பீரங்கி ஒண்ணுதான் அவங்களுக்கும் அதுக்கும் நடுவுல."

இவர் மேலே ஓடினார். கூட இரண்டு பேர்தான். குண்டு கொடுக்க ஆள் இல்லை. கீழே பார்த்தால் மாரிமுத்து அடிபட்டவனைப் படகில் இறக்கிவிட்டு, தானும் இறங்க ஏணியில் கால் வைத்துவிட்டான்.

"நாந்தான் கூப்புட்டேன்."

மாரிமுத்து ஏறி வந்தான். சாய்ந்த தளத்தில் நிற்க முடியாமல் நின்று பதினோரு குண்டு சுட்டார்கள். நீர்மூழ்கி படகுகளை விட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பியது. அதன் குண்டு ஒன்று பீரங்கி மேடையிலேயே விழுந்தது. மற்ற இருவரும் தூக்கி எறியப்பட்டுக் கடலில் விழுந்து பிழைத்தார்கள். மாரிமுத்து அங்கேயே. வெடிமருந்துப் பெட்டி பற்றிக்கொண்டது. அது வெடித்தால் பீரங்கியும் போய்விடும், படகுகளுக்கும் கதியில்லை. எரிகிற பெட்டியை இவர் கையால் தூக்கிக் கடலில் போட்டார். அந்தக் கையாலேயே இன்னும் மூன்று குண்டு போட்டுச் சுட்டார். கடைசியானது பட்டிருக்கவேண்டும். நீர்மூழ்கி தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு குதித்தார். ஆறு நாள் படகில்.

படகிலிருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர்.

"எல்லாரும் அந்த நாப்பத்திரண்டச் சொல்றாங்க. நான் ஏணில கால் வெச்சவனக் கூப்புட்டேன். கூப்புடாம இருந்தா அவன் நாப்பத்திமூணாவது ஆளு" என்றார்.

அந்த மடங்காத கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கொடிக்காலிலிருந்து அத்தை வரும் சத்தம் கேட்டும் எடுக்கவில்லை.

மாசி 12

நேற்று எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "வீரமாகப் போரிட்டு" என்று முதல் பக்கத்தில் இருந்தது. கிழிக்கச் சொன்னார்.

"இத எழுதக் கூடாது. போய்ச் சொல்லோணும்."

நடந்ததைக் கேட்டும் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ கூப்புட்டேன்னு எதுக்குடா போய்ச் சொல்றே? பெத்த வயிறு எரியும். செத்தவன் திரும்பி வரப்போறானா? ஒரு கார்டப் போட்டு உடு."

"அவன அனுப்புனவன் நானுங்கய்யா. கார்டு எப்படிப் போடறது?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் வந்து, "பஸ்ஸுக்கு எந்நேரம் போகோணும்?" என்று மட்டும் கேட்டார்.

நானும் கூடப் போகிறேன். வழியில் சோறு ஊட்ட ஆள் வேண்டுமே.

மாசி 17

இதைச் சேலத்தில், என் அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று ஜலகண்டாபுரம் போய் வந்தோம்.

தெரு நெடுக தறிச்சத்தம். விசாரித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றதும் உள்ளே ஒரு தறி மட்டும் நின்றது. மாரிமுத்துவின் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். ஒல்லி மனிதர். அம்மா மூலையில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் சுற்றுவதை நிறுத்தவில்லை. சுவரில் கடற்படைத் தொப்பியோடு மாரிமுத்து. ஸ்டூடியோப் படம். தொப்பி காதுவரை இறங்கியிருந்தது.

பாய் போட்டார்கள். இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார், எனக்குச் சொன்ன மாதிரியே, ஒன்றையும் விடாமல்.

"படகுல எறங்க ஏணில கால் வெச்சுட்டானுங்க. நாந்தான் கூப்புட்டேன். 'மாரிமுத்து, மேல வா, ஆளு பத்தல'ன்னு. கூப்புடாம இருந்திருந்தா இன்னைக்கு ஊட்டுல இருப்பான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ராட்டை நின்றது.

"எத்தன வாட்டி கூப்புட்டீங்க?" அம்மாதான் கேட்டாள்.

"ஒரு வாட்டிங்க."

"ஒரு வாட்டிக்கே வந்தானா?"

"'வாரேனுங்க'ன்னு சொல்லிட்டு ஓடியாந்தானுங்க."

"தறியில உக்காரச் சொல்லி நாலு வாட்டி கத்தோணும் நானு. அப்பவும் வரமாட்டான்." கொஞ்சநேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஒரு வாட்டிக்கே வந்துட்டான்."

பெருமையா, பழியா? எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது.

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். வரவே இல்லை. போய்விடலாம் என்று நான் நினைத்தேன். இவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சர்க்கார் காயிதத்துல அவம் பேரையே தப்பா எழுதியிருக்குது. நீங்க உக்காருங்க. உக்காந்து மறுபடி சொல்லுங்க. மொதல்லருந்து."

மறுபடி சொன்னார். அதற்குள் அக்கம்பக்கத்துக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களுக்காக மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கேள்வி இருந்தது. காலில் ஜோடு போட்டிருந்தானா? கப்பலில் யாரோடு சிநேகம்? குண்டை எந்தக் கையில் எடுப்பான்?

"நொட்டாங்கைலதானுங்க. மொதல்ல அதுக்கு நான் திட்டுனேன். அப்பறம் அதுதான் சுருக்கா வருதுன்னு உட்டுட்டேன்."

அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவங்கப்பனும் திட்டுவாரு. நானுந் திட்டுவேன். கடல்லயும் திட்டு வாங்கியிருக்கான்." சிரித்தபடியே அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் அந்த அப்பாவும் அழுதார்.

படத்தைச் சுவரிலிருந்து எடுத்து இவரிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "நீங்க கூப்புட்டது தப்புன்னு சொல்லமாட்டேனுங்க. தப்பில்லைன்னும் என் வாயால வராது. ஆனா வந்து சொன்னீங்க. அத மறக்கமாட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "அம்மிணி, இவியள நல்லாப் பாத்துக்க. எளச்சுப் போயிருக்காங்க" என்றாள்.

அங்கே மோர் குடித்தோம், கம்பஞ்சோறும் சாப்பிட்டோம். வேறு சாதி வீட்டில் சாப்பிட்டதை மாமாவுக்குச் சொல்லப்போவதில்லை.

மாசி 18

வெயில். ஊர் திரும்பினோம்.

சேலத்திலிருந்து கரி பஸ். பெட்ரோல் இல்லாத காலத்தில் பின்னால் கரியடுப்பு கட்டி ஓட்டுகிறார்கள். மேட்டில் ஏறாது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நாங்கள் கடைசியாக, மற்றவர்களுக்குப் பின்னால் நடந்தோம்.

நேற்றிலிருந்து மனசில் இருந்ததைக் கேட்டேன். "அந்தப் படத்த வலது கைல வாங்குனீங்க. வெரல் மடங்குச்சு. நான் பாத்தேன்."

அவர் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"எத்தன நாளா மடங்குது?"

"ஒரு வாரமா."

"அப்பறம் எதுக்கு நேத்து வரைக்கும் ஊட்டிக்கிட்டீங்க?"

"ஊட்டறது நின்னு போயிருமே."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. பஸ் புகையில் கண் எரிந்தது என்று எழுதிக்கொள்கிறேன்.

கொஞ்சதூரம் போனதும் அவரே சொன்னார். "தினம் 'மடங்கலயே'ங்கறப்ப உன்ற மூஞ்சியப் பாப்பேன், நாச்சி. குரல்தான் அழுவும், மூஞ்சி சிரிக்கும். அதப் பாத்துட்டு மடக்கிக் காட்ட மனசு வல்ல."

திருடியைப் பிடித்த மாதிரி பிடித்துவிட்டார். நடுரோட்டில் நின்றுவிட்டேன். மேட்டு மேலிருந்து கண்டக்டர், "ஏனுங்க, வாரீங்களா இல்லியா?" என்று கத்தினார்.

"சேலத்து டாக்டருங்ககிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார் அவர். "நீ சொல்லு. நீ சொல்றபடி செய்யறேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மாசி 19

சொல்லவில்லை. மாவரைத்தேன். துணி துவைத்தேன். பசுவைக் குளிப்பாட்டினேன். அத்தை, "என்ன அம்மிணி, தீவாளியா?" என்றார்.

மாசி 20

இன்று காலை எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது சொன்னேன்: "மடக்கிக் காட்டீருங்க."

"நெசமாவா?"

"அந்தம்மாகிட்டப் போயி உள்ளத உள்ளபடி சொன்னீங்க. நான் கூடவே இருந்து பாத்துட்டு, இங்க பொய் சொல்லச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நன்றாக அழுதேன். பிறகு வந்து எண்ணெய் தேய்த்தேன். இன்றுதான் ஒழுங்காகத் தேய்த்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று விரல் உள்ளங்கையைத் தொடுகிறது. மற்ற இரண்டும் நிஜமாகவே மரக்கட்டை.

மத்தியானம் சோறு. தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். என் பக்கம் திருப்பி நகர்த்தினார். அத்தை எங்களைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கு மறுபடி போய்விட்டார்.

பங்குனி 3

சேலம். மூன்று டாக்டர்கள், அரை மணி நேரம். நான் வெளியே பெஞ்சில். புங்கமரத்தில் எத்தனை கிளை என்று எண்ணி, இரண்டு தடவை தப்பாகிவிட்டது.

வெளியே வந்தார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடற்படைக்காரர்களுக்கு இதையும் சொல்லித் தருவார்கள் போல.

"ஆறு மாசத்துக்குக் கப்பல் கெடையாது. பம்பாய்லயே இருந்து புதுசா வர்ற பீரங்கிக்காரங்களுக்குச் சொல்லிக் குடுக்கோணும். சரக்குக் கப்பலுக்குப் போற ஆளுங்களுக்கு."

"அப்பறம்?"

"அப்பறம் மறுபடி கையப் பாப்பாங்க."

ஆறு மாசம். எனக்குப் போதாது. ஆனால் நேற்றுவரை அதுவும் இல்லை. அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான். பாதி வழியில் தானாகவே, "தளம் சாயறப்ப எப்படி நிக்கறதுன்னு மொதல்ல சொல்லித்தரோணும்" என்றார். வரும் வழியெல்லாம் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குச் சொல்லித் தந்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

பங்குனி 8

உடுப்புகள் துவைத்து மடித்தாயிற்று. எள்ளுருண்டை, முறுக்கு, எண்ணெய் ஒரு போத்தல்.

அவர் சொல்ல, ஜலகண்டாபுரத்துக்கு ஒரு கடிதம். இந்தத் தடவை கிழிக்கவில்லை. மாரிமுத்து எப்படி வேலை செய்வான், என்ன பாட்டுப் பாடுவான், யாரை எப்படிக் கேலி செய்வான். எட்டுப் பக்கம். அடியில் அவரே கையெழுத்துப் போட்டார். கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. கோழி என்றதும் முறைத்தார்.

நான் இல்லாதபோது நீ போய்வா என்றார். சித்திரையில் போகிறேன். அந்தம்மாவுக்கு இன்னும் கேள்விகள் இருக்கும்.

பங்குனி 9

மேகமில்லை. நல்ல காற்று. "மழ வராது" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

கரூரில் ரயில் ஏறவேண்டும். ஆற்றைப் பரிசலில் தாண்டினால் பக்கம். மாமா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால். அத்தை வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் பேசக்கூடாது என்று வைத்திருந்தேன், பேசவில்லை. அவர்தான் நடக்கும்போது ஒருமுறை என் கையைத் தொட்டார். மூன்று விரல்.

பரிசல்காரர் அக்கரை ஆள். வயசானவர், கண்பார்வை சுமார். இவர் யார், எங்கிருந்து வந்தவர், ஒன்றும் தெரியாது. இவர் சாதா வேட்டி சட்டையில்தான் இருந்தார்.

"நடுவால உக்காருங்க சாமி. பரிசல் சுத்தும், பயந்துக்காதீங்க. ஆழமெல்லாம் இல்ல, இடுப்புத் தண்ணிதான். நீச்சல் தெரியுமுங்களா?"

மாமா இருமினார். அத்தை வேண்டுதலை நிறுத்திவிட்டார்.

"கொஞ்சந் தெரியுமுங்க" என்றார் அவர்.

"அப்பச் சரி. எதுக்கும் ரெண்டு கைலயும் கெட்டியாப் புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார்.